எல்லைக்கு விதி வேண்டும். விதிக்குள் வழியும் வேண்டும்

நமது இதழ் நூல் விலையையும் நெல் விலையையும், கடனையும் தவணையையும் பேசுவதற்கென்றே நடைபெறுவது. பாஸ்போர்ட்டுக்கும் தறிக்கும் என்ன தொடர்பு, விசாவுக்கும் விளைநிலத்துக்கும் என்ன உறவு என்று அங்கத்தினருள் சிலர் வினவக்கூடும். வினவுவது நியாயமே. ஆயினும் ராயபுரத்தில் ரயில் ஏறி, திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் கும்மிடிப்பூண்டி வரை செல்லும் எவரும், இந்தத் தடத்தின் இரு மருங்கிலும் கடல் கடந்து வந்த தமிழரின் குடியிருப்புகள் இருப்பதை அறிவர். அவர்களுள் ஒரு சாரார் இந்நாட்டின் பிரஜைகள். மற்றொரு சாரார் நாற்பதாண்டுகளாக முகாம்வாசிகள். இருவரையும் பிரித்து நிற்பது ஒரு சிறு ஏடு. ஆகவே பாஸ்போர்ட் விதிகளைப் பற்றிய விவாதம் டில்லியில் நடந்தாலும் சென்னைக் கோட்டையில் நடந்தாலும், அது நமது வட்டாரத்தின் விவாதமே என்பது எமது கருத்து.

விவாதத்துக்கு அண்மைக் காரணமாக அமைந்தது 2025-ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் வெளிநாட்டினர் சட்டம். அதன் மசோதாவை லோக சபை 2025 மார்ச் 27-இலும், ராஜ்ய சபை ஏப்ரல் 2-இலும் நிறைவேற்றின. ஏப்ரல் 4-இல் ஜனாதிபதியின் ஒப்புதல் கிடைத்தது. செப்டம்பர் 1 முதல் சட்டம் அமலுக்கு வந்தது. வெள்ளையர் காலத்தில் இயற்றப்பட்ட 1920-ஆம் ஆண்டின் பாஸ்போர்ட் (இந்தியாவுக்குள் நுழைதல்) சட்டம், 1939-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் பதிவுச் சட்டம், 1946-ஆம் ஆண்டின் வெளிநாட்டினர் சட்டம், 2000-ஆம் ஆண்டில் கப்பல், விமானக் கம்பெனிகளின் பொறுப்பை வரையறுத்த சட்டம் ஆகிய நான்கையும் நீக்கி, அவற்றின் இடத்தில் ஒரே சட்டத்தை இது வைத்தது. செல்லத்தக்க பாஸ்போர்ட் இன்றி நாட்டுக்குள் நுழைவோருக்கு ஐந்தாண்டு வரை சிறையும் 5 லட்ச ரூபாய் வரை அபராதமும் விதிக்க இச்சட்டம் இடம் தருகிறது. போலிப் பாஸ்போர்ட்டு வைத்திருப்போருக்குத் தண்டனை இன்னும் கடுமையானது.

லோக சபையில் மசோதாவை ஆதரித்துப் பேசிய உள்துறை அமைச்சர் அமித் ஷா, இந்நாடு யார் வேண்டுமானாலும் வந்து தங்கும் சத்திரம் அன்று என்ற கருத்தை வலியுறுத்தினார். எதிர்த்தோர், அதிகாரிகளுக்கு மட்டற்ற அதிகாரம் தரப்படுகிறது என்றனர். தமிழ்நாட்டு உறுப்பினர்கள் முகாம்களில் உள்ள இலங்கைத் தமிழரின் நிலையை எடுத்துரைத்தனர். இவ்விவாதம் புதியதன்று. 2021 செப்டம்பர் 8-இல் தமிழ்நாடு சட்டமன்றம், 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தை நீக்கக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியபோதும் இலங்கைத் தமிழர் விடுபட்டமை பேசப்பட்டது. இரட்டைக் குடியுரிமை தருக என்பார் ஒரு தரப்பார். சட்டத்தையே திருத்துக என்பார் மற்றொரு தரப்பார். நமது அரசியல் சட்டம் இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை என்பதை மேடைகளில் சொல்வார் அரியர். கட்சிகளின் வழக்கில் நாம் தலையிட விரும்பவில்லை. கூட்டுறவு இயக்கத்தில் எல்லாக் கட்சியினரும் உளர். வழக்கின் பொருளை மட்டும் ஆராய்வோம்.

சீட்டின் வயது

பாஸ்போர்ட் என்பது தொன்றுதொட்டு வந்த ஒன்றன்று. நமது பகுதியின் நெசவு வரலாற்றோடு ஒப்பிட்டால் அது நேற்றுப் பிறந்தது. டச்சுக்காரர் 1613-இல் பழவேற்காட்டில் ஜெல்டிரியா கோட்டையை நிறுவியது, சோழமண்டலக் கரையில் நெய்த துணியைக் கொண்டுபோய்க் கீழ்த்திசைத் தீவுகளில் நறுமணப் பொருளுக்கு மாற்றுவதற்காக. கவர்னர் காலெட் 1717 முதல் 1720 வரை சென்னையை ஆண்டபோது நெசவாளரைக் குடியேற்றிய ஊரே திருவொற்றியூரை அடுத்த காலடிப்பேட்டை. காலெட் பேட்டை என்ற பெயர் மக்கள் நாவில் காலடிப்பேட்டை ஆயிற்று. அந்நாளில் துணியோடு கப்பலேறிய நம் முன்னோரிடம் பாஸ்போர்ட் கேட்டவர் இலர். முதல் உலக யுத்தத்தின்போது, 1917-இல், யுத்த காலத் தற்காலிக ஏற்பாடாகவே இந்தியாவில் பாஸ்போர்ட் கட்டாயமாக்கப்பட்டது. யுத்தம் முடிந்தது, ஏற்பாடு நிலைத்தது. 1920-இல் அது சட்டமாயிற்று.

இலங்கைக்கோ அதன் பின்னரும் நெடுநாள் போக்குவரவு எளிதாகவே இருந்தது. 1914-இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் தொடர்பு ஏற்பட்ட பின், சென்னையில் வாங்கிய ஒரே டிக்கட்டில் ரயிலும் கப்பலும் மறுபடி ரயிலுமாகக் கொழும்பு சென்று சேரலாம். 1948-இல் சுதந்திர இலங்கை இயற்றிய குடிவருவோர், குடியகல்வோர் சட்டம் இந்நிலையை மாற்றியது. அதே ஆண்டின் பிரஜா உரிமைச் சட்டம், தோட்டங்களில் உழைத்த இந்திய வம்சாவளித் தமிழரில் மிகப் பெரும்பாலோரை எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவராக்கியது. மலையைத் திருத்தித் தேயிலை வைத்தவர்களின் பேரப்பிள்ளைகள், தாம் பிறந்த மண்ணில் அந்நியராயினர்.

பாஸ்போர்ட் என்பது சர்க்கார் விரும்பினால் அருளும் சலுகை என்ற எண்ணமே இந்தியாவிலும் 1967 வரை நிலவியது. அவ்வாண்டு ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், வெளிநாடு செல்லும் உரிமை தனி மனித சுதந்திரத்தில் அடங்கியது என்றும், சட்டத்தின் வழியாக அன்றி அதனை மறுக்கலாகாது என்றும் தீர்ப்பளித்தது. அதன் விளைவாகவே அதே ஆண்டில் பாஸ்போர்ட் சட்டம் பிறந்தது. சலுகை உரிமையாக மாறிய கதை அது. மாறியது தானாக அன்று. ஒருவர் வழக்காடியதனால் மாறியது.

சீட்டோடு வந்தவர், சீட்டின்றி வந்தவர்

நமது கடற்கரைக்கு வந்த தமிழரை இரு வகையாகப் பிரித்துக் காண்பது இங்கே தேவையாகிறது.

1962-இல் பர்மாவில் ராணுவ ஆட்சி ஏற்பட்டு, அடுத்த ஆண்டுகளில் கடைகளும் தொழில்களும் தேசியமயமாக்கப்பட்டபோது, ரங்கூனிலும் பிற ஊர்களிலும் வாழ்ந்த தமிழர் கப்பல் கப்பலாகச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினர். தலைமுறைகளாக ஈட்டியதைப் பெரும்பாலோர் அங்கேயே விட்டு வந்தனர். ஆயினும் அவர்கள் தாயகம் திரும்பியோர் என்று சர்க்கார் ஏட்டில் பதிவாயினர். வியாசர்பாடியிலும் எண்ணூர்ப் பக்கத்திலும் அவர்களுக்குக் குடியிருப்புகள் ஏற்பட்டன. மணலியை அடுத்த சடையங்குப்பத்தில் உள்ள பர்மா நகரின் பெயரும், துறைமுகத்துக்கு எதிரே உள்ள பர்மா பஜாரின் பெயரும் அக்கதையை இன்றும் சொல்லுகின்றன.

1964 அக்டோபர் 30-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 9,75,000 பேராகக் கணக்கிடப்பட்ட நாடற்ற மலையகத் தமிழருள் 5,25,000 பேரை இந்தியா ஏற்கவும், 3,00,000 பேருக்கு இலங்கை பிரஜா உரிமை தரவும் முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் இரு நாடுகளும் பாதிப் பாதியாகப் பகிர்ந்துகொண்டன. மக்களைக் கேளாமல் மக்களைப் பங்கிட்ட இந்த ஒப்பந்தத்தை நாம் புகழ வரவில்லை. ஆனால் அதன் கீழ் வந்தவர்கள் கையில் இந்தியப் பாஸ்போர்ட்டோடு வந்தனர் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

இவ்விரு சாராருக்கும் கூட்டுறவு இயக்கம் ஆற்றிய தொண்டு நம் இயக்கத்தின் வரலாற்றில் ஒளி பொருந்திய பகுதி. 1969-இல் தாயகம் திரும்பியோருக்கென்றே சென்னையில் ஒரு கூட்டுறவு வங்கி நிறுவப்பட்டது. ரெப்கோ வங்கி என்று இன்று நாம் அறிவது அதுவே. தாயகம் திரும்பியோரே அதன் அங்கத்தினராயினர். வந்தவர்க்குக் கடன், கடனால் தொழில், தொழிலால் சேமிப்பு, சேமிப்பால் வங்கியின் வளர்ச்சி என்ற வட்டம் சுழன்றது. நீலகிரியில் அரசின் தேயிலைத் தோட்டங்கள் தோன்றியதும் அவர்கள் பொருட்டே. அகதியாக இறங்கியவன் பங்குதாரனாக உயர்ந்தான். அதற்கு முதற்படி, அவன் இன்னான் என்று சொல்லும் ஓர் ஏடு அவன் கையில் இருந்ததே.

இனி மற்றொரு சாராரைக் காண்போம். 1983 ஜூலைக் கலவரத்தை அடுத்து இலங்கையிலிருந்து உயிருக்கு அஞ்சி ஓடிவந்தவர்கள், எரிகிற வீட்டிலிருந்து வெளியேறுகிறவர்களாக வந்தனர். அவர்களுள் படகேறி வந்தோர் கொழும்புக்குச் சென்று வரிசையில் நின்று பாஸ்போர்ட் வாங்கி வந்திருக்க வேண்டும் என்று எவரும் சொல்லார். 2021-இல் தமிழக அரசு வெளியிட்ட கணக்கின்படி, 1983 முதல் வந்தவர் 3,04,269 பேர். அவ்வாண்டில் 108 முகாம்களில் 58,822 பேரும், போலீஸில் பதிவு செய்துகொண்டு முகாமுக்கு வெளியே 34,087 பேரும் வாழ்ந்தனர். கும்மிடிப்பூண்டியிலும் புழலிலும் உள்ள முகாம்கள் நமக்கு அண்டையில் உள்ளவை. அங்கே பிறந்து, அங்கே படித்து, அங்கே மணந்து, அங்கே பிள்ளை பெற்றவர் பலர். இலங்கையைக் கண்ணால் காணாத இலங்கையர் அவர்கள்.

இம்முகாம்களில் உள்ளோரில் ஒரு பெரும் பகுதியினர் மலையக வம்சாவளியினர். கலவரங்களுக்கு அஞ்சி மலையை விட்டு வடக்கே சென்று, அங்கும் யுத்தம் துரத்தவே படகேறியவர். இவர்களின் பாட்டனாரும் ஒப்பந்தத்தின் கீழ்க் கப்பலில் வந்தவரின் பாட்டனாரும் ஒரே லயத்தில் வாழ்ந்திருக்கக்கூடும். ஒருவர் கப்பலில் வந்தார்; வங்கியின் அங்கத்தினரானார். மற்றவர் படகில் வந்தார். முகாமின் பதிவேட்டில் எண்ணானார். குருதியிலும் மொழியிலும் உழைப்பிலும் வேறுபாடு இல்லை. வேறுபாடு சீட்டில்தான்.

தீராத முடிச்சு

சட்டத்தின் முடிச்சு இன்னது என்பதை அங்கத்தினர் தெளிவாக அறிதல் நன்று. 2003-இல் குடியுரிமைச் சட்டம் திருத்தப்பட்டபோது, செல்லத்தக்க பாஸ்போர்ட் இன்றி வந்தவர் அனைவரும் சட்ட விரோதக் குடியேறிகள் என வரையறுக்கப்பட்டனர். அத்தகையோர் பதிவு முறையிலும் குடியுரிமை பெற இயலாது. இந்நாட்டில் எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் அதனைக் காட்டிப் பெறவும் இயலாது. 1987 ஜூலை 1-க்கு முன் இம்மண்ணில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரஜை. அதன் பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவரேனும் இந்தியராக இருத்தல் வேண்டும். 2004 டிசம்பர் 3-க்குப் பின் பிறந்தவருக்கோ, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருப்பதோடு மற்றவர் சட்ட விரோதக் குடியேறியாக இல்லாமலும் இருக்க வேண்டும். எனவே முகாமில் பிறந்த பிள்ளை, பெற்றோர் கடந்த கடலை ஒரு நாளும் கடவாமலே, கடந்த குற்றத்தைச் சுமக்கிறது. பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம், கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்ற பழமொழியே நினைவுக்கு வருகிறது. பாஸ்போர்ட் இல்லாததால் பிரஜையாக முடியாது. பிரஜையாகாததால் பாஸ்போர்ட் கிடைக்காது.

2019-இல் வந்த திருத்தம், ஆப்கானிஸ்தான், பங்களாதேசம், பாகிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31-க்குள் வந்த ஆறு சமயத்தாருக்கு இம்முடிச்சை அவிழ்த்தது. அப்பட்டியலில் இலங்கை இல்லை. மதுரையில் உள்ள சென்னை உயர் நீதிமன்றக் கிளை 2019 ஜூனில், முகாம்களில் உள்ள இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை மனுக்களைக் கனிவோடு பரிசீலிக்க வேண்டும் எனக் கூறியது. 2022-இல், 1987-க்கு முன் இங்கே பிறந்த முகாம்வாசி ஒருவருக்குப் பாஸ்போர்ட் வழங்குமாறு அதே கிளை உத்தரவிட்டது. நீதிமன்றம் ஒவ்வொரு முடிச்சாக அவிழ்க்கலாம். ஆனால் அறுபதினாயிரம் பேர் ஒவ்வொருவராக வழக்காடிக்கொண்டிருக்க இயலுமா?

2025 செப்டம்பர் 1-இல், புதிய சட்டத்தோடு மத்திய சர்க்கார் ஒரு விலக்கு ஆணையையும் பிறப்பித்தது. 2015 ஜனவரி 9 வரை இந்தியாவில் தஞ்சம் புகுந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர், பாஸ்போர்ட்டும் விசாவும் இல்லாத காரணத்துக்காகப் புதிய சட்டத்தின் கீழ்த் தண்டிக்கப்படார் என்பது அதன் சாரம். இதனை நாம் மனமார வரவேற்கிறோம். நாற்பதாண்டுகளாகத் தலைக்கு மேல் தொங்கிய வாள் ஒன்று இறக்கப்பட்டது. ஆனால் வாளை இறக்கியது வேறு, வாசலைத் திறந்தது வேறு. இவ்வாணை தண்டனையை நீக்கியது. உரிமை ஒன்றையும் தரவில்லை. குற்றவாளி அல்லன் என்று சொல்லப்பட்டவன், பிரஜை என்று சொல்லப்படவில்லை.

மறுப்புக்கு விடை

எல்லைக் கட்டுப்பாடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. வயலுக்கு வரப்பு வேண்டும் என்பதை உழவனுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. யார் வருகிறார், எதற்கு வருகிறார் என்று அறியும் கடமை எந்தச் சர்க்காருக்கும் உண்டு. ஆள் கடத்துவோரும் போதைப்பொருள் கடத்துவோரும் கடலைப் பயன்படுத்துகின்றனர் என்பதும் உண்மை. தேசப் பாதுகாப்பை அற்பமாகப் பேசுவது பொறுப்புடையோர்க்கு அழகன்று. ஆனால் வரப்பு மட்டும் கட்டி மடை வைக்காதவன் வயல், ஒரு மழையில் அழுகும். மறு கோடையில் காயும். வரப்பு எவ்வளவு தேவையோ, அவ்வளவு தேவை மடையும்.

மேலும், பாதுகாப்பு என்னும் வாதம் முகாம் மக்களிடம் சற்றும் செல்லாது. அவர்களைப் போலச் சர்க்காரால் முற்றும் அறியப்பட்டவர் இந்நாட்டில் வேறு எவர்? பெயர் பதிவில் உண்டு. குடும்பம் பதிவில் உண்டு. குறித்த நாளில் அதிகாரி முன் நின்று வருகை காட்டும் வழக்கம் உண்டு. மாதந்தோறும் உதவித்தொகை வாங்கிய கணக்கு உண்டு. தாள் இல்லாதவர் என்று சொல்லப்படுவோரைப் பற்றித்தான் சர்க்காரிடம் தாள் மிகுதி! இல்லாதது ஒன்றே ஒன்று. அவர்களைப் பற்றிய தாள்களெல்லாம் அதிகாரிகள் கையில் உள்ளன. அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

விதிவிலக்கு எழுத முடியாதா என்னும் கேள்விக்கும் விடை உண்டு. நேபாளத்துக்கும் இந்தியாவுக்கும் இடையே 1950-ஆம் ஆண்டின் உடன்படிக்கைக்குப் பின் இரு நாட்டாரும் பாஸ்போர்ட் இன்றியே வந்து போகின்றனர். 1974-இல் கச்சத்தீவு பற்றிச் செய்த உடன்படிக்கையில், இந்திய மீனவரும் யாத்திரிகரும் அத்தீவுக்குச் செல்ல இலங்கையிடம் பிரயாணப் பத்திரமோ விசாவோ பெற வேண்டியதில்லை என்று ஒரு ஷரத்தே எழுதப்பட்டது. அந்தோனியார் திருவிழாவுக்கு நம் மக்கள் பாஸ்போர்ட் இல்லாமல் செல்வது அதனாலேயே. தீவைக் கொடுத்தது சரியா என்னும் வழக்கு வேறு. ஆண்டுக்கொரு முறை திருவிழாவுக்குச் செல்லும் பக்தனுக்காக ஒரு வரி எழுதத் தெரிந்த அரசுகளுக்கு, உயிர் பிழைக்க வந்தவனுக்காக ஒரு வரி எழுதத் தெரியாதா?

வடகிழக்கு எல்லையையும் ஒருமுறை நோக்குவோம். பர்மாவிலிருந்து வந்து மீண்டும் அங்கே செல்ல முயன்ற தமிழர் சிலர், எல்லை அடைபட்டதால் மணிப்பூரின் மோரே என்னும் ஊரிலேயே தங்கிவிட்டனர். அங்கே இன்றும் தமிழ்ச் சங்கமும் கோயிலும் உண்டு. எல்லையின் இருபுறத்தாரும் பாஸ்போர்ட் இன்றிக் குறித்த தொலைவு வரை போய்வர இருந்த ஏற்பாட்டை நீக்கப் போவதாக 2024 பிப்ரவரியில் மத்திய சர்க்கார் அறிவித்தபோது, மிசோரம் சட்டமன்றம் பிப்ரவரி 28-இலும் நாகாலாந்து சட்டமன்றம் மார்ச் 1-இலும் அதனை எதிர்த்துத் தீர்மானம் செய்தன. எல்லைக் கோடு கிழிப்பவர் ஒருவர். அக்கோடு தம் முற்றத்தில் விழுவதைக் காண்பவர் வேறொருவர். ஆகவே எல்லை விதிகளை வகுப்போர், எல்லையோரத்தார் சொல்லையும் கேட்டல் முறை.

சரக்குக்கு ஒரு நீதி, மனிதனுக்கு ஒரு நீதியா?

நெசவாளரும் விவசாயிகளும் ஆகிய நாம் எளிதில் உணரக்கூடிய ஓர் உவமையைச் சொல்லுகிறோம். இந்தியாவும் இலங்கையும் 1998 டிசம்பரில் சுங்கமற்ற வாணிபத்துக்கான உடன்படிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன. 2000 மார்ச்சில் அது அமலுக்கு வந்தது. எந்தச் சரக்குக்கு எவ்வளவு வரி, எவ்வளவு சலுகை என்று அட்டவணை அட்டவணையாக எழுதப்பட்டது. நமது வெங்காயமும் துணியும் தக்க பத்திரங்களோடு கடலைக் கடக்கின்றன. எங்கே உற்பத்தியானது என்று சான்று தரும் முறை சரக்குக்கு உண்டு. மனிதனுக்கு அச்சான்றைத் தர இரு சர்க்காரும் நாற்பதாண்டு தயங்குகின்றன. ஒரு மூட்டைக்குப் பிறந்த ஊர் உண்டு, ஒரு பிள்ளைக்கு இல்லை என்றால், அது எவ்வளவு பெரிய முரண்!

திரும்பிப் போக விரும்புவோர் நிலையும் எளிதன்று. 2023 அக்டோபர் 14-இல் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் கப்பல் விடப்பட்டது. இடையில் நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கியது. பாஸ்போர்ட் உடையவர் சில மணி நேரத்தில் அக்கரை சேரலாம். ஆனால் 2025 மே மாதத்தில், முகாமிலிருந்து முறைப்படி தாயகம் திரும்பிய முதியவர் ஒருவர், பலாலி விமான நிலையத்திலேயே கைது செய்யப்பட்டார். பல்லாண்டுகளுக்கு முன் சட்டத்துக்கு மாறாக நாட்டை விட்டு வெளியேறினார் என்பதே அவர்மீது சாட்டப்பட்ட குற்றம். அதற்கு ஆதாரம் முன்னர்ச் சொன்ன அதே 1948-ஆம் ஆண்டின் சட்டம். வந்தது இங்கே குற்றம். போனது அங்கே குற்றம். இடையில் நிற்பதற்குக் கடல் ஒன்றே எஞ்சுகிறது.

நமக்கு இதில் என்ன?

அயலான் துயரைக் கண்டு இரங்குவது அறம். ஆயினும் இரக்கத்தை மட்டும் நம்பி நாம் எழுதவில்லை. நம் நலனும் இதில் அடங்கியிருக்கிறது. எண்ணூர், மணலி, கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளை உடைய வட்டாரம் நமது. பத்திரமற்ற தொழிலாளி, குறைந்த கூலிக்கும் தலையாட்ட வேண்டியவன். புகார் செய்ய அவன் அஞ்சுவான். அவன் பக்கத்தில் நிற்கும் உள்ளூர்த் தொழிலாளியின் கூலியும் அவனைக் காட்டியே குறைக்கப்படும். பலவீனமான ஓர் இழை பாவில் இருந்தால், அறுவது அவ்விழை மட்டுமன்று, தறியே நிற்கும். பட்டம் பெற்ற முகாம் இளைஞன் சுண்ணாம்பு அடிக்கப் போவது அவனுக்கு மட்டும் நஷ்டமன்று; அவனைப் படிக்க வைத்த நாட்டுக்கும் நஷ்டம்.

கூட்டுறவின் மூலக் கொள்கையும் இங்கே நினைக்கத்தக்கது. 1904-இல் சென்னை மாகாணத்தின் முதல் விவசாயக் கடன் சங்கம் பதிவானது நமது திருவள்ளூரை அடுத்த திரூரில். அதற்கு முன் ஏழை உழவனுக்குக் கடன் கிட்டாத காரணம் என்ன? ஈடு காட்டப் பத்திரம் இல்லை என்பதே. நெசவாளியும் நூலுக்காக முதலாளியின் வாசலில் நின்றது அதனாலேயே. பத்திரம் இல்லாவிட்டாலும் இவனை நாங்கள் அறிவோம், இவன் நாணயமானவன் என்று அண்டை அயலார் கூடிப் பிணை நின்றதே கூட்டுறவு. காகிதத்தை மட்டும் நம்பிய உலகத்தில், மனிதனை அறிந்து நம்பிய இயக்கம் நமது. நாற்பதாண்டு நம் அயலில் வாழ்ந்தவனை அறியோம் என்று நாம் சொல்லலாகாது.

தமிழக அரசும் தன் கடமையில் சில செய்துள்ளது என்பதை மறைப்பது நேர்மையாகாது. 2021 ஆகஸ்டு 27-இல் முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் 317 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட திட்டம் ஒன்றை அறிவித்தார். 7,469 புதிய வீடுகள் கட்டுவது அதில் அடங்கும். அகதி முகாம் என்னும் பெயர் மறுவாழ்வு முகாம் என மாற்றப்பட்டது. உதவித்தொகை குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயாகவும், மற்றப் பெரியவர்களுக்கு 1,000 ரூபாயாகவும், குழந்தைகளுக்கு 500 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டது. இவை நல்லனவே. எனினும் வீடு தர மாநிலத்தால் முடியும். குடியுரிமை தர மத்திய சர்க்காரால்தான் முடியும். பெயர்ப் பலகை மாறுவதோடு மறுவாழ்வு நிறைவடைவதில்லை.

ஆகவே நாம் வேண்டுவன இவை. முதலாவது, 1964, 1974 ஆகிய ஆண்டுகளின் ஒப்பந்தங்களின் வழி இந்தியர் எனக் கொள்ளத்தக்க வம்சாவளியினரை முகாம் முகாமாகக் கணக்கெடுத்து, குறித்த காலத்துக்குள் பிரஜா உரிமை வழங்க வேண்டும். கொடுத்த வாக்கை நிறைவேற்றுவதே இது. புதிய சலுகை அன்று. இரண்டாவது, இங்கே பிறந்த பிள்ளைகளைச் சட்ட விரோதக் குடியேறிகள் என்னும் வரையறையிலிருந்து விலக்க வேண்டும். கடலைக் கடவாதவர் கடந்த குற்றத்துக்கு ஆளாகலாகாது. மூன்றாவது, தண்டனையை நீக்கிய 2025-ஆம் ஆண்டின் ஆணையை அடுத்த படிக்கு உயர்த்தி, தொழில் செய்யவும், வங்கிக் கடன் பெறவும், வெளியூர் செல்லவும் உதவும் நீண்டகால அனுமதிப் பத்திரம் தர வேண்டும். நான்காவது, திரும்ப விரும்புவோர் எந்தக் கரையிலும் குற்றவாளியாகாத வண்ணம் இரு நாட்டு அரசுகளும் எழுத்து மூலம் உடன்பாடு செய்ய வேண்டும். கச்சத்தீவுக்கு எழுதியது போல் ஒரு ஷரத்து போதும்.

அங்கத்தினர் செய்யத்தக்கனவும் உண்டு. வரும் பேரவைக் கூட்டங்களில் மேற்கூறிய கோரிக்கைகளைத் தீர்மானமாக நிறைவேற்றி, நமது தொகுதிகளின் பார்லிமெண்டு உறுப்பினருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் அனுப்பலாம். வாக்குக் கேட்டு வருவோரிடம், முகாம் மக்களுக்கு வாக்கு இல்லை, அவர்களுக்காகக் கேட்க வாக்குள்ள நாங்கள் இருக்கிறோம் என்று சொல்லலாம். முகாம் தொழிலாளரை வேலைக்கு அமர்த்தும் அங்கத்தினர், உள்ளூராருக்குத் தரும் கூலியையே அவர்களுக்கும் தருதல் வேண்டும். முகாமில் இயங்கும் மகளிர் குழுக்களுக்குத் தையல், துணி முடிப்பு முதலிய வேலைகளைச் சட்டம் இடம் தரும் அளவில் சங்கங்கள் அளிக்கலாம். இவற்றுக்குப் பணம் அதிகம் தேவையில்லை. மனமே தேவை.

பர்மாவிலிருந்து வந்தவன் நமக்குப் பாரமாகிவிடுவான் என்று அன்று அஞ்சியவர் இருந்திருப்பர். அவன் பாரமாகவில்லை, கடை வைத்தான், பங்கு வாங்கினான், கடனைத் திருப்பினான், பிள்ளைகளைப் படிக்க வைத்தான். ஏடு கிடைத்தவன் எழுந்து நின்றதை இவ்வட்டாரம் கண்கூடாகக் கண்டிருக்கிறது. ஏடு கிடைக்காதவனும் எழுந்து நிற்பான் என்று நம்புவதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. எல்லைக்கு விதி இருக்கட்டும். அவ்விதிக்குள் மனிதன் நுழைந்து நிமிர்ந்து நடக்க ஒரு வழியும் இருக்கட்டும். அவ்வழியைக் கேட்டுப் பெறும் கடமை அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் உண்டு என்று கூறி அமைகிறோம்.